ஷோவாவுக்குப் பிறகு யூதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் என்று பேச்செடுத்தாலே ஹிட்லர், விஷவாயு, கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்கள் எல்லாம் வந்துவிடும். அதுவரை பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. 1945க்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் சந்தேகங்கள். மிஞ்சியவர்கள் இறந்தவர்களுக்கு எப்படிக் காரியம் செய்தார்கள், யாரை யூதர் என்று ஏற்றார்கள், சாமி கும்பிட்டார்களா விட்டுவிட்டார்களா என்றுதான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஹோலோகாஸ்ட், ஷோவா ரெண்டும் ஒண்ணுதானா? சுருக்கமா என்னதான் நடந்துச்சு?

ஒன்றுதான். எபிரேய மொழியில் ஷோவா என்பார்கள், யூதர்களில் பலர் அந்தச் சொல்லையே விரும்புகிறார்கள். 1933இல் ஜெர்மனியில் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் முதலில் யூதர்களின் வேலையையும் குடியுரிமையையும் பறித்தார்கள். 1941இல் சோவியத் நாட்டுக்குள் படை நுழைந்ததும் ஊர் ஊராகக் குழிவெட்டிச் சுட்டுக் கொன்றார்கள். கீவ் நகரை ஒட்டிய ‘பாபின் யார்’ என்ற பள்ளத்தாக்கில் மட்டும் இரண்டே நாளில் 33,771 பேர். அதன் பிறகு ட்ரெப்ளிங்கா, சோபிபோர், அவுஷ்விட்ஸ் போன்ற கொலை முகாம்கள் வந்தன.

ஐரோப்பிய யூதர்களில் மூவரில் இருவர் இறந்தார்கள். போலந்தில் இருந்த சுமார் 33 லட்சம் பேரில் 30 லட்சம் பேர் இல்லாமல் போனார்கள். ரோமா மக்கள், மாற்றுத்திறனாளிகள், சோவியத் போர்க்கைதிகள் என்று கொல்லப்பட்ட பிறரும் ஏராளம். அவர்களுடைய கதைக்குத் தனியாக ஒரு தொகுப்பு வேண்டும்.

60 லட்சம்ங்கிறது ஊதிப் பெருக்கின கணக்குன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

கொன்றவர்களே கணக்கு வைத்திருக்கிறார்கள். போலந்து யூதர்களைக் கொல்ல நாஜிகள் நடத்திய ரைன்ஹார்ட் நடவடிக்கையின் முகாம்களுக்கு 1942 முடிய வந்து சேர்ந்தவர்கள் 12,74,166 பேர் என்று எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் அதிகாரி ஹோஃப்லே அனுப்பிய தந்தியை பிரிட்டிஷ் உளவுத்துறை அப்போதே இடைமறித்து வைத்திருந்தது. இது ஒரு வருடத்துக் கணக்கு, சில முகாம்களின் கணக்கு மட்டும். போருக்கு முந்தைய, பிந்தைய மக்கள்தொகைக் கணக்குகளும் ரயில் பதிவுகளும் கொலைப்படைகளின் அறிக்கைகளும் தனித்தனியாகப் பார்த்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் போய் நிற்கின்றன.

மறுப்பவர்களில் பெயர்போன டேவிட் இர்விங், தன்னை மறுப்பாளர் என்று எழுதிய வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மீது லண்டனில் அவதூறு வழக்குப் போட்டு 2000இல் தோற்றார். ஆவணங்களை அவர் வேண்டுமென்றே திரித்தார் என்று தீர்ப்பு சொன்னது.

யூதர்னா மதமா, இனமா? சாமியே இல்லைன்னு சொல்றவர் எப்படி யூதர்?

மதச் சட்டமான ஹலாகாவின்படி யூதத் தாய்க்குப் பிறந்தவரோ முறைப்படி மதம் மாறி வந்தவரோ யூதர். அப்படிப் பிறந்தவர் நாத்திகராகிவிட்டாலும் யூதர்தான். நாஜிகளின் 1935 நியூரம்பெர்க் சட்டம் வேறு கணக்குப் போட்டது. தாத்தா பாட்டி நால்வரில் மூவர் யூத சமயத்தவர் என்றால், நீங்கள் என்ன நம்பினாலும் யூதர். கத்தோலிக்கத் துறவியாகவே ஆகிவிட்ட ஈடித் ஸ்டைனையும் 1942இல் அவுஷ்விட்ஸில் கொன்றார்கள்.

போருக்குப் பிறகு இந்த இரண்டு கணக்கும் மோதின. ஆஸ்வால்ட் ரூஃபைசென் என்ற இளைஞர் மிர் என்ற ஊரின் கெட்டோவிலிருந்து (யூதர்களை அடைத்துவைத்த பகுதி) சுமார் 300 பேர் தப்பிக்க உதவிவிட்டு ஒரு கன்னிமாடத்தில் ஒளிந்தார். அங்கே கத்தோலிக்கராகிப் பிறகு துறவியும் ஆனார். யூதர்களுக்கான திரும்பிவரும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனக்கும் குடியுரிமை வேண்டும் என்று இஸ்ரேலில் கேட்டார். ஹலாகாப்படி அவர் யூதர் என்று யூத மதகுருக்களான ரபிகளே சொல்லலாம், ஆனால் வேறு மதத்துக்குப் போனவரைச் சாதாரண மக்கள் யூதர் என்று சொல்ல மாட்டார்கள் என்று 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மதச் சட்டம் அணைத்தவரை மதச்சார்பற்ற நீதிமன்றம் தள்ளிய விசித்திரம் இது. பிறகு வேறு வழியில் குடியுரிமை வாங்கி அங்கேயே வாழ்ந்தார். 1970இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, யூதரின் பேரப்பிள்ளைகள் வரை வரலாம் என்று ஆனது.

கொச்சியில இருந்த யூதர்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு நாஜிகள் வரவில்லை. கேரள யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் போய் நெவாதிம் போன்ற குடியிருப்புகளில் விவசாயம் செய்தார்கள். அங்கே அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளியில் ஷோவா படித்தார்கள், நினைவு நாளில் சைரன் ஒலித்தால் எழுந்து நின்றார்கள். சொந்தக் குடும்பத்தில் நடக்காத சாவுக்குத் துக்கம் காப்பது அவர்களுக்குப் புதிதில்லை. எருசலேம் ஆலயம் இடிந்த நாளான, யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9ஆம் தேதிக்கு ஊர் ஊராக யூதர்கள் நோன்பிருந்து வந்தவர்கள்தானே.

ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். துனிசியா ஆறு மாதம் ஜெர்மன் பிடியில் இருந்தது. லிபியாவில் இத்தாலியர்கள் நடத்திய ஜாடோ முகாமில் பசியிலும் டைபஸ் காய்ச்சலிலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட யூதர்கள் இறந்தார்கள். இந்தக் கதைகளை இஸ்ரேலே ரொம்ப தாமதமாகத்தான் கேட்க ஆரம்பித்தது.

நினைவு நாள் எது? ஜனவரி 27ன்னும் சொல்றாங்க, ஏப்ரல்னும் சொல்றாங்க?

ஜனவரி 27 உலகத்துக்கான நாள். 1945இல் சோவியத் படை அவுஷ்விட்ஸை விடுவித்த தேதி அது. ஐ.நா. 2005இல் அறிவித்தது. யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 27, அதாவது ஏப்ரல் அல்லது மே தொடக்கத்தில் வருவது, இஸ்ரேலின் யோம் ஹஷோவா. அன்று காலை 10 மணிக்கு இரண்டு நிமிடம் சைரன் ஒலிக்கும், நெடுஞ்சாலையிலும் கார்களை நிறுத்திவிட்டு இறங்கி நிற்பார்கள்.

இந்தத் தேதிக்குப் பின்னால் பெரிய சண்டையே இருக்கிறது. வார்சா கெட்டோவில் ஆயுதம் தூக்கிய எழுச்சி 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கியது. அது பஸ்கா பண்டிகைக்கு முந்தைய நாள். அந்த நாளையே நினைவு நாளாக வைக்க வேண்டும் என்று போராளிகளாக இருந்தவர்கள் கேட்டார்கள். பண்டிகை வேளையில் துக்கமா என்று மதத் தரப்பு மறுத்தது. கடைசியில் 1951இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் பஸ்கா முடிந்த பிறகு வருகிற நிசான் 27ஐத் தேர்ந்தெடுத்தது. அதுவும் மதத் தரப்புக்கு ஒப்பவில்லை. நிசான் மாதம் முழுவதுமே துக்கம் காக்கக் கூடாத மாதம். பழைய ஆப் 9ஆம் நாளே போதும், எல்லா அழிவையும் அதற்குள் சேர்த்து அழலாம் என்பது அவர்களின் வாதம். இன்றும் தீவிர மதப்பற்றுள்ள ஹரேதி பகுதிகளில் சைரனுக்கு நிற்காதவர்கள் உண்டு. மரியாதைக் குறைவு என்று டிவியில் வருஷா வருஷம் திட்டுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. அவர்கள் நினைப்பதில்லை என்பதல்ல, அரசாங்கம் சொல்லும் முறையில் நினைக்க மறுக்கிறார்கள்.

உடலே கிடைக்காதவங்களுக்கு, செத்த தேதியே தெரியாதவங்களுக்கு என்ன சடங்கு செய்வாங்க?

யூத வழக்கத்தில் ஒருவர் இறந்த தேதி முக்கியம். வருஷா வருஷம் அன்று விளக்கேற்றிக் கத்தீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்வார்கள். பிள்ளைகள் பெற்றோருக்காகப் பதினொரு மாதம் தொடர்ந்து சொல்வதும் உண்டு. தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் கூட வேண்டும். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது, முழுக்கக் கடவுளைப் புகழ்வதுதான். முகாமில் அப்பாவை இழந்த மகன் அந்த வரிகளைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பலர் சொன்னார்கள். சொல்ல வாய் வராதவர்களும் இருந்தார்கள்.

தேதி தெரியாதவர்களுக்காக இஸ்ரேலின் தலைமை ரபிகள் தெவேத் மாதம் 10ஆம் நாளைப் பொதுக் கத்தீஷ் நாளாக்கினார்கள். திதி தெரியாதவர்களுக்கு நம் வீடுகளில் மகாளய அமாவாசை இருக்கிறதே, அது போல. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டதற்காக ஏற்கெனவே நோன்பிருந்த நாள் அது.

கல்லறைக்குப் பதில் காகிதம் வந்தது. ஒரே ஊரிலிருந்து பிழைத்தவர்கள் நியூயார்க்கிலும் டெல் அவிவிலும் கூடி, தங்கள் ஊருக்கென்று யிஸ்கோர் புத்தகம் என்ற நினைவு நூலை வெளியிட்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. யார் வீடு எங்கே இருந்தது, சந்தை என்று கூடும், ஊரில் யார் கோமாளி என்பதெல்லாம் அதில் இருக்கும், பின்னால் செத்தவர்களின் பட்டியலும் இருக்கும். எருசலேமில் 1953இல் தொடங்கிய யாத் வாஷெம் என்ற ஷோவா நினைவு மையம், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சாட்சிப் படிவம் வாங்குகிறது. தெரிந்தவர் யாரும் நிரப்பித் தரலாம். இதுவரை ஏறக்குறைய 50 லட்சம் பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

புருஷன் செத்தாரா இல்லையான்னே தெரியாத பெண்கள் மறுமணம் செய்ய முடிஞ்சுதா?

நல்ல கேள்வி, ஆனால் குறைவாகவே கேட்கிறார்கள். ஹலாகாவில் கணவன் இறந்ததற்குச் சான்றோ விவாகரத்துப் பத்திரமோ இல்லாத பெண், ‘அகுனா’, கட்டப்பட்டவள். மறுமணம் செய்ய முடியாது. 1945இல் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் அகதி முகாம்களில் இருந்தார்கள்.

ரபிகள் இதற்காகவே தனி நீதிமன்றங்கள் அமைத்தார்கள். யார் எந்த ரயிலில் ஏற்றப்பட்டார், இறங்கிய இடத்தில் எந்த வரிசைக்கு அனுப்பப்பட்டார் என்று விசாரித்து, அந்த வரிசையில் போனவர் பிழைத்திருக்க வழியில்லை என்று தெரிந்தால் பெண்ணை விடுவித்தார்கள். முகாம் எப்படி இயங்கியது என்ற விவரத்தை முதன்முதலில் முறையாகக் கேட்டுப் பதிந்தவர்களில் இவர்களும் உண்டு. காரணம் வரலாறு அல்ல, ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ளலாமா கூடாதா என்பது.

இவ்வளவு நடந்த பிறகு கடவுளை எப்படி நம்புறாங்க?

எல்லோரும் நம்பவில்லை. பக்திமான்களாக உள்ளே போய் நம்பிக்கையற்றவர்களாக வெளியே வந்தவர்கள் உண்டு, நேர்மாறாக வந்தவர்களும் உண்டு. சிந்தனையாளர்களிடமும் ஒருமித்த பதில் கிடையாது. ரிச்சர்ட் ரூபென்ஸ்டைன், வரலாற்றை நடத்தும் கடவுள் ஒருவர் இருந்தால் ஹிட்லரும் அவர் கருவி என்று ஒப்ப வேண்டிவரும், அதனால் அந்தக் கடவுளை இனி நம்ப முடியாது என்று 1966இல் எழுதினார். எலியேசர் பெர்கோவிட்ஸ், மனிதனுக்குச் சுதந்திரம் இருக்க வேண்டுமென்றால் கடவுள் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற பழைய வேதக் கருத்தை எடுத்துக்கொண்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: நாம் யோபு (வேதத்தில் கடுந்துன்பத்தால் சோதிக்கப்பட்டவர்) அல்ல, யோபுவின் சகோதரர்கள் மட்டுமே, அங்கே நம்பிக்கையை இழந்தவரையும் காத்தவரையும் எடைபோட நமக்குத் தகுதியில்லை. எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பிடிக்கும்.

எமில் ஃபாக்கென்ஹைம் 1938இல் ஸாக்ஸென்ஹௌஸென் முகாமில் அடைபட்டவர். யூத வேதமான தோராவின் 613 கட்டளைகளோடு 614ஆவதாக ஒன்றைச் சொன்னார். ஹிட்லர் செத்த பிறகும் அவனுக்கு வெற்றி தேடிக் கொடுக்காதே, அதாவது யூதனாக இருப்பதை விட்டுவிடாதே என்று. இது பலரைத் தொட்டது. விமர்சனமும் வந்தது: எதிரியைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு மதத்தில் இருப்பதா?

பாவத்துக்குத் தண்டனைன்னு சில ரபிகளே சொன்னாங்களாமே?

சொன்னார்கள். ஹசித் என்ற பக்தி மரபின் சத்மார் பிரிவுத் தலைவர் யோயெல் டைடல்பாம், மெசியா என்ற மீட்பர் வரும் முன்னே யூதர்களுக்கு அரசு அமைக்கப் புறப்பட்ட சியோனிச இயக்கமே இந்த அழிவுக்குக் காரணம் என்று வாதிட்டார். அவரே உயிர் பிழைத்தது ஹங்கேரியின் சியோனிஸ்டான காஸ்ட்னர் நாஜிகளிடம் பேரம் பேசி அனுப்பிய ரயிலில். 2000இல் இஸ்ரேலின் முன்னாள் தலைமை ரபி ஓவாதியா யோசேஃப், இறந்தவர்கள் முற்பிறவிப் பாவிகளின் ஆன்மாக்கள் என்கிற பொருளில் பேசி நாடே கொதித்தது.

பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. அதே ஹசித் உலகத்தில் லுபாவிச் தலைவர் மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சன், எந்தப் பாவமும் இதற்குக் காரணமாக முடியாது, இதற்கு விளக்கமே இல்லை என்றார். எரிகிற குழந்தைகள் முன்னால் நின்று சொல்ல முடியாத எதையும் சொல்லாதே என்று ரபி இர்விங் கிரீன்பெர்க் ஓர் அளவுகோல் வைத்தார். தண்டனை வாதம் அதில் முதல் அடியிலேயே விழுந்துவிடும்.

முகாம்ல, கெட்டோவில மதத்தைக் கடைப்பிடிச்சவங்க உண்டா?

உண்டு. லித்துவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் எஃப்ராயிம் ஓஷ்ரி என்ற இளம் ரபியிடம் மக்கள் சந்தேகம் கேட்டார்கள். சிமெண்ட் பையிலிருந்து கிழித்த துண்டுகளில் கேள்வியையும் தீர்ப்பையும் எழுதித் தகர டப்பாவில் புதைத்தார். போர் முடிந்து தோண்டியெடுத்து விரித்து எழுதி வெளியிட்டார். ரபியிடம் கேள்வி, அதற்கு எழுத்தில் பதில் என்பது யூதர்களின் ஆயிரம் வருஷத்துக்கு மேலான எழுத்து வகை. அது கெட்டோவிலும் நிற்கவில்லை.

ஒரு கேள்வி: தினமும் காலையில் ‘என்னை அடிமையாகப் படைக்காத’ கடவுளுக்கு நன்றி சொல்கிறோமே, இப்போது அடிமைகளாகத்தானே இருக்கிறோம், இதைச் சொல்லலாமா? சொல்லுங்கள், அந்த நன்றி உடலின் விடுதலைக்கானது அல்ல என்று ஓஷ்ரி தீர்ப்பளித்தார். கடவுள் இருக்கிறாரா என்று அங்கே அவரிடம் கேட்டதைவிட இந்த மாதிரிக் கேள்விகள்தான் அதிகம். நம்பிக்கை பற்றிய முந்தைய பதில்கள் எல்லாம் போருக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவை. இது உள்ளிருந்து வந்தது.

கையில பச்சை குத்தின எண்ணைப் பேரப்பிள்ளைகளும் குத்திக்கிறாங்களாமே, மதம் அதை ஒத்துக்குமா?

எண்ணைப் பச்சை குத்தியது அவுஷ்விட்ஸ் முகாம்களில் மட்டும்தான். மற்ற முகாம்களில் கிடையாது. தாத்தா பாட்டியின் எண்ணைத் தாங்களும் குத்திக்கொண்ட பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சில தாத்தாக்கள் அழுதார்கள், சிலர் கோபப்பட்டார்கள். லேவியராகமம் 19:28 பச்சை குத்துவதைத் தடுக்கிறது. பச்சை குத்தியவரை யூதக் கல்லறையில் புதைக்க மாட்டார்கள் என்பது வெறும் கட்டுக்கதை.

கிறிஸ்தவ வீடுகள்ல ஒளிச்சு வளர்த்த யூதப் பிள்ளைங்க பிறகு என்ன ஆனாங்க?

சிலரைச் சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். வளர்த்த அம்மாவைப் பிரிய மாட்டேன் என்று அழுத பிள்ளைகளுக்கு அது இரண்டாவது இழப்பு. பிரான்சில் பெற்றோரை இழந்த ஃபினாலி சகோதரர்களைப் பாதுகாத்த பெண் 1948இல் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். நீதிமன்றம் உறவினரிடம் ஒப்படைக்கச் சொன்ன பிறகும் பாதிரியார்கள் பிள்ளைகளை ஸ்பெயினுக்குக் கடத்தினார்கள். நாடு முழுக்கப் பெரும் சர்ச்சையாகி 1953இல் அவர்கள் இஸ்ரேலில் இருந்த அத்தையிடம் போனார்கள்.

உண்மை தெரியாமலே வளர்ந்தவர்களும் உண்டு. போலந்தில் ரோமுவால்ட் வஷ்கினெல் கத்தோலிக்கப் பாதிரியாராகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1978இல், தான் யூதத் தாய்க்குப் பிறந்தவர் என்பதை வளர்த்த தாயிடமிருந்து அறிந்தார். பெற்றோரின் குடும்பப் பெயரையும் சேர்த்து வெக்ஸ்லர்-வஷ்கினெல் ஆனார். பின்னாளில் இஸ்ரேலுக்கே போய்விட்டார். ரூஃபைசென் கேள்வி இவருக்கும் அப்படியே பொருந்தும், ஒரே வித்தியாசம், இவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இட்டிஷ் மொழி செத்துப்போச்சா?

போருக்கு முன் ஒரு கோடிக்கு மேற்பட்ட யூதர்கள், முக்கியமாகக் கிழக்கு ஐரோப்பாவினர், பேசிய மொழி. செத்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பேசியவர்கள். நாடகம், நாளிதழ், தொழிற்சங்கம் எல்லாம் இருந்த அந்த மதச்சார்பற்ற இட்டிஷ் உலகம் மீளவில்லை. ஆனால் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பெர்க்கிலும் ஆண்ட்வெர்ப்பிலும் ஹசித் வீடுகளில் குழந்தைகள் இன்றும் அதில்தான் சண்டை போடுகின்றன. கிரீஸின் தெஸ்ஸலோனிகியில் ஸ்பானிய வழி வந்த யூத மொழியான லடினோ பேசிய சுமார் 50,000 யூதர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1943இல் பெரும்பாலோரை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய பழைய இடுகாட்டின் மேல் இப்போது பல்கலைக்கழகம் நிற்கிறது.

ஜெர்மனிகிட்ட காசு வாங்கினது தப்பில்லையா?

ஷோவாவுக்கு ஈடாக ஜெர்மனி தந்த இழப்பீட்டைப் பற்றி அப்போதே அப்படித்தான் கேட்டார்கள். 1952 ஜனவரியில் இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் மேல் கல் பறந்தது, எதிர்க்கட்சியின் மெனாகெம் பெகின் ரத்தப் பணம் என்று முழங்கினார். கொலைகாரர்களே சொத்துக்கும் வாரிசாகக் கூடாது என்றார் பிரதமர் பென் குரியன். 61க்கு 50 என்று நிறைவேறி, அதே செப்டம்பரில் லக்ஸம்பர்க்கில் கையெழுத்தானது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க், பிற நாட்டு யூதர்களுக்காக 45 கோடி. தனிப்பட்ட முறையில் ஒரு பைசா வாங்க மறுத்தவர்களும் இருந்தார்கள்.

இவ்வளவு பட்டவங்க பாலஸ்தீனர்களுக்கு ஏன் இப்படிச் செய்றாங்க?

தமிழ் வட்டங்களில் எந்தக் கூட்டத்திலும் தவறாமல் வரும் கேள்வி. முதலில், ‘யூதர்கள்’ வேறு, இஸ்ரேல் அரசு வேறு. இரண்டாவது, துன்பம் மனிதனைப் புனிதனாக்கும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அநியாயம். ‘இனி ஒருபோதும் கூடாது’ என்பதைச் சிலர் ‘நமக்கு ஒருபோதும்’ என்று எடுத்துக்கொண்டார்கள், சிலர் ‘யாருக்கும் ஒருபோதும்’ என்று. இந்தச் சண்டை யூதர்களுக்குள்ளேயே நடக்கிறது. வார்சா எழுச்சித் தலைவர்களில் ஒருவரான மாரெக் எடெல்மான் சியோனிஸ்ட் அல்ல. போலந்திலேயே இதய மருத்துவராக வாழ்ந்து 2009இல் இறந்தார். மனிதர்கள் அடிபடும் பக்கத்தில் நிற்பதே யூதனாக இருப்பது என்பது அவர் நிலைப்பாடு.

சட்டமும் இதே நினைவிலிருந்து வந்ததுதான். இனப்படுகொலை என்ற குற்றத்துக்குப் பெயர் கொடுத்து 1948 உடன்படிக்கைக்காகத் தூதர்களின் வாசல் வாசலாக அலைந்த ரஃபேல் லெம்கின், குடும்பத்தில் 49 பேரை இழந்த போலந்து யூத வழக்கறிஞர். அந்த உடன்படிக்கையின் கீழ்தான் 2023 டிசம்பரில் தென் ஆப்பிரிக்கா காசாவுக்காக இஸ்ரேல் மீது வழக்குத் தொடுத்தது. இஸ்ரேல் குற்றச்சாட்டை மறுக்கிறது.

பிழைச்சவங்க எல்லாம் போன பிறகு யார் நினைப்பாங்க?

2024 தொடக்கத்தில் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 2,45,000. பெரும்பாலும் அன்று குழந்தைகளாக இருந்தவர்கள். நினைவு இப்போதே கல்லுக்கும் காகிதத்துக்கும் கைமாறிவிட்டது. ஜெர்மன் கலைஞர் குந்தர் டெம்னிக் 1992 முதல் இறந்தவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில், பெயர் பொறித்த பித்தளைக் கற்களைப் பதிக்கிறார். ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ம்யூனிக் நகரம் பொது நடைபாதையில் அனுமதிக்கவில்லை. அங்குள்ள யூத சமூகத் தலைவர் ஷார்லோட் க்னோப்லோக், தானே ஒளிந்து பிழைத்தவர், இறந்தவர்களின் பெயரை மறுபடி மிதிக்க விடுவதா என்று எதிர்த்தார். ஆதரிக்கும் யூதக் குடும்பங்களும் அதே நகரில் உண்டு. அங்கே சுவரிலும் கம்பத்திலும் பெயர்ப்பலகை வைக்கிறார்கள்.

கூட வேலை பார்க்கிற யூத நண்பர்கிட்ட இதைப் பத்திக் கேட்கலாமா?

கேட்கலாம், எடுத்தவுடனே வேண்டாம். அவருடைய குடும்பம் ஐரோப்பாவிலிருந்து வந்ததா, மொராக்கோவா, ஈராக்கா என்றே உங்களுக்குத் தெரியாது (கொச்சி பற்றிய பதிலைப் பாருங்கள்). குடும்பத்துக்குப் பூர்வீகம் எந்த ஊர் என்று கேளுங்கள், சொல்ல விரும்பினால் மிச்சத்தை அவரே சொல்வார். இஸ்ரேல் அரசுக்காக அவரைப் பதில் சொல்ல வைக்காதீர்கள். யூதக் கல்லறைக்குக் கூப்பிட்டால் ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும். பூவுக்குப் பதில் ஒரு சின்னக் கல்லைச் சமாதி மேல் வைப்பதுதான் அங்கே வழக்கம்.